பேஸுக்கு எந்த பிக்? கிடாரிலிருந்து வந்த ஒரு தம்பியின் கடிதம்

கடிதம் நீளமானது. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 23. தென்மாவட்டத்து சர்ச் ஒன்றில் பள்ளிக்கூட நாளிலிருந்தே ரிதம் கிடார் வாசித்தவர். அங்கே பேஸ் (கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கிடார்) வாசித்துக்கொண்டிருந்தவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது. "உனக்குத்தான் கிடார் தெரியுமே" என்று சர்ச்சுக்குச் சொந்தமான நாலு ஸ்ட்ரிங் பேஸை இவர் தோளில் மாட்டிவிட்டார்கள். கிடாருக்கு வைத்திருந்த அதே 0.60 மி.மீ. ஆரஞ்சு நிற பிக்கிலேயே (ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்ன பிளாஸ்டிக் தகடு) வாசிக்கிறார். நோட்டுக்கு முன்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதாம். இருப்பதிலேயே தடிமனான ஈ ஸ்ட்ரிங்கில் ஒலி எழும்புவதே இல்லை, பாதிப் பாட்டில் பிக் விரலுக்குள் சுழன்றுவிடுகிறது, ஆராதனை முடியும்போது கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. இது போதாதென்று, கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருநாள் எல்லார் முன்னாலும், "பிக்குல வாசிக்கிறவன் பேஸ் பிளேயரே இல்ல" என்று சொல்லிவிட்டார். சரி, விரலிலேயே வாசிப்போம் என்று முயன்றதில் கொப்புளம் வந்ததும் தாளம் பிசகியதும்தான் மிச்சம். அவருடைய கேள்விகள்: பிக்கில் வாசிப்பது தப்பா? எத்தனை மி.மீ. வாங்குவது? ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பிக், மெட்டல் பிக், சித்தப்பா சொன்ன ஆமை ஓட்டு பிக், இவற்றில் எது நல்லது? பிக்கால் ஸ்ட்ரிங் தேயுமா? கடைசிக் கேள்வியில் கொஞ்சம் பயம் தெரிகிறது, பேஸ் சர்ச் சொத்து அல்லவா.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வாசிக்க வரவில்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் முக்கால்வாசி, கிடார் பிக்கையும் கிடார் பிடியையும் அப்படியே பேஸுக்குக் கொண்டு வந்ததால் வருபவை. பேஸ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது பழகிப்போன கதை, கிடாரிலிருந்து வருகிற பையன்களும் பெண்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது

கையில் இருப்பது என்ன என்று ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எலெக்ட்ரிக் கிடாரில் பொதுவாகப் போடும் செட்டில் மிகத் தடிமனான ஸ்ட்ரிங் 0.046 அங்குலம். பேஸில் வழக்கமாகப் போடும் 45-105 செட்டில் மிக மெல்லிய ஸ்ட்ரிங்கான ஜி-யே 0.045 அங்குலம். அதாவது கிடார் முடிகிற இடத்தில்தான் பேஸ் தொடங்குகிறது. ஈ ஸ்ட்ரிங் 0.105 அங்குலம், இரண்டரை மி.மீ.க்கும் மேல். அதை 0.60 மி.மீ. பிளாஸ்டிக்கால் அசைக்கப் பார்ப்பது ஈர்க்குச்சியால் கிணற்றுக் கயிற்றை இழுக்கிற மாதிரிதான். ஸ்ட்ரிங் நகர்வதற்குள் பிக் வளைந்துவிடுகிறது. வளைந்த பிக் சட்டென்று நிமிரும்போது ஸ்ட்ரிங்கின் மேல் தட்டுகிறது, அதுதான் நீங்கள் கேட்கும் 'டிக்'. ஸ்ட்ரிங் முழுதாக இழுபடாததால் அடிநாதமும் வரவில்லை. இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றுதான்.

இதைச் சரிசெய்ய நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்: இன்னும் அழுத்தி அடித்திருப்பீர்கள். அழுத்தினால் பிக் இன்னும் வளையும், 'டிக்' கூடும், சுழலாமல் இருக்க விரலை இறுக்குவீர்கள், கட்டைவிரல் வலிக்கும். ஆக, மூன்றாவது நான்காவது புகாரும் இதே கணக்கில் சேர்ந்துவிட்டது.

இன்னொரு விஷயம் உங்கள் சர்ச்சின் சவுண்டு ஏற்பாடு. பேஸுக்குத் தனி ஆம்ப் இல்லை, டிஐ பாக்ஸ் (பேஸை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேஸ் ஆம்ப் என்றால் பெரும்பாலும் மேல்ஸ்தாயிச் சத்தத்தைத் தானே கொஞ்சம் மழுக்கிக் கொடுக்கும். மிக்ஸரிலிருந்து ஹார்ன் (மேல்ஸ்தாயிச் சத்தத்துக்கான குழல்) வைத்த ஸ்பீக்கருக்குப் போகும்போது அந்த மழுக்கல் கிடையாது, பிக் ஸ்ட்ரிங்கில் படுகிற சத்தம் அப்படியே சபைக்குப் போகும். பேஸில் இருக்கிற டோன் நாபைப் பாதிக்குக் குறையுங்கள். மிக்ஸரில் உங்கள் சேனலின் 'ஹை'யையும் குறைக்கச் சொல்லுங்கள். பிக்கை மாற்றுவதற்கு முன்னாலேயே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

பாதி போதும், முழுக்க அடக்கிவிடாதீர்கள். திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வு விநாடிக்கு 41 தடவைதான், சின்ன சர்ச்சுகளில் இருக்கிற ஸ்பீக்கர்கள் அவ்வளவு தாழ்ந்த ஒலியை உருப்படியாகத் தருவதில்லை. ஜனங்கள் 'பேஸ்' என்று கேட்பது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள மேற்சுரங்களைத்தான் (ஹார்மோனிக்ஸ்). பிக் அந்த மேல்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். உங்கள் மாதிரி ஏற்பாட்டில் விரலில் வாசித்தால் முழுக்க அமுங்கிப்போகக்கூடிய ஒரு லைன், பிக்கில் வாசித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் தெளிவாகக் கேட்கும். கீபோர்டு அண்ணன் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

காசில்லாமல் இன்றைக்கே ஒரு சோதனை

கடைக்குப் போகும் முன், இருக்கிற பிக்கையே திருப்பிப் பிடியுங்கள். கூர்முனைக்குப் பதிலாக மேலே இருக்கும் உருண்டைத் தோளால் அடியுங்கள். அந்த இடம் அகலமானது, அவ்வளவு வளையாது, ஸ்ட்ரிங்கின் மேல் கூராகவும் படாது. ஒலி குண்டாகும். இதில் உங்களுக்குத் திருப்தி வந்தால் எந்தத் திசையில் பிக் வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது: தடிமனாக, முனை உருண்டையாக.

அதோடு அடிக்கிற இடத்தையும் மாற்றிப் பாருங்கள். கிடார் பழக்கத்தில் கை பிரிட்ஜ் (உடல் பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பாலம்) பக்கம் போய் நிற்கும், அங்கே ஒலி இறுக்கமாக, மெல்லியதாக வரும். பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மேலேயோ, இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கம் தள்ளியோ அடித்தால் சதைப்பிடிப்பு கூடும். பிக் சாய்ந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ரவுண்ட்வுண்ட் ஸ்ட்ரிங்கில் சுற்றியிருக்கும் கம்பி வரிவரியாக இருக்குமே, பிக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதன் ஓரம் அந்த வரிகளில் உரசி 'கிர்ர்' என்று அறுக்கும். ஸ்ட்ரிங்குக்கு இணையாகத் தட்டையாக வைத்தால் அந்த உரசல் போய்விடும். கொஞ்சம் உரசல் வேண்டும் என்று ராக் வாசிப்பவர்கள் வேண்டுமென்றே சாய்ப்பார்கள், அது வேறு ரசனை.

எதை வாங்கலாம்

ஒரே ஒரு 'சரியான' பிக்கின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது, சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று சொல்ல முடியும். 0.88, 1.0, 1.14 மி.மீ., இந்த மூன்றையும் வாங்குங்கள். டன்லப்பின் டார்டெக்ஸ் வகையில் என்றால் பச்சை, நீலம், ஊதா. உங்கள் ஆரஞ்சும் அதே வரிசையில் வருவதுதான், அதனால் தடிமன் மாறினால் என்ன மாறுகிறது என்பது துல்லியமாகத் தெரியும். அப்புறம் அதே தடிமனில் நைலானில் ஒன்று. ஒரே மி.மீ. என்று போட்டிருந்தாலும் நைலான் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஸ்ட்ரிங்கில் மிருதுவாகப் படும். தடிமன் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் தவறவிடும் விஷயம் இது.

வடிவத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். பேஸில் பெரிய முக்கோண பிக்கை நான் நிறையப் பேருக்குச் சிபாரிசு செய்கிறேன். பிடிக்க இடம் நிறைய இருப்பதால் சுழல்வது குறையும். மூன்று முனையும் ஒரே மாதிரி இருப்பதால் சுழன்றாலும் கவலையில்லை, ஒரு முனை தேய்ந்தால் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். வேகக் கிடாரிஸ்டுகள் விரும்பும் ஜாஸ் 3 மாதிரிக் குட்டி பிக்குகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவை கூராகவும் இருக்கும், பிடிக்கவும் இடம் போதாது, ஏற்கெனவே நழுவுகிறது என்று சொல்கிற உங்களுக்கு அவை சரிப்பட்டு வராது. இரண்டு, மூன்று மி.மீ. பிக்குகள் கெட்டியான ஒலி தரும்தான், ஆனால் துளியும் வளையாது. கை ஒவ்வொரு தடவை எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பது அப்படியே ஒலியில் தெரிந்துவிடும். அதனால் அங்கே பிறகு போகலாம்.

ஒரு செட் பேஸ் ஸ்ட்ரிங் வாங்குகிற காசுக்கு ஒரு டஜனுக்கு மேல் பிக் வரும். அதனால் ஆன்லைனில் வாரக்கணக்கில் விமர்சனம் படிப்பதைவிட நாலைந்து வாங்கிப் பார்ப்பது லாபம். சோதிக்கும்போது மட்டும் ஒரு ஒழுங்கு வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து அடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தனியாகக் கேட்கும்போது எல்லாருக்கும் குண்டான ஒலிதான் பிடிக்கும், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் அது காணாமல் போகும். பிராக்டீஸ் அன்று ஒரே பாட்டை, எந்த நாபையும் தொடாமல், பிக்கை மட்டும் மாற்றி மாற்றி வாசியுங்கள். சபை உட்காரும் இடத்தில் நடுவில் ஒரு ஃபோனை வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எது எந்த பிக் என்று உங்களுக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவர் மாற்றி வைத்துப் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

ஃபெல்ட், மெட்டல், ஆமை ஓடு

ஃபெல்ட் பிக் முதலில் யுகுலேலிக்காரர்களிடம் பார்த்தது. தடிமனாக, மெத்தென்று இருக்கும், பேஸில் அடித்தால் கட்டைவிரல் சதையால் வாசிப்பது போன்ற மழுங்கிய ஒலி வரும். வரிகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும் ஃப்ளாட்வுண்ட் ஸ்ட்ரிங்கில் அழகாகவே இருக்கும். ஆனால் உங்கள் பேஸில் இருப்பது ரவுண்ட்வுண்ட், அந்த வரிகள் ஃபெல்ட்டைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுவிடும், பிக்கப்பின் மேல் பஞ்சு பஞ்சாக உதிர்ந்து கிடக்கும். ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், தினப்படிக்கு அது வேண்டாம்.

மெட்டல் பிக்கை நேராகவே வேண்டாம் என்கிறேன். ஸ்ட்ரிங் தேயும் என்ற உங்கள் பயம் இந்த ஒரு விஷயத்தில் நியாயமானது, உலோகத்தோடு உலோகம் உரசினால் சுற்றுக்கம்பி சீக்கிரம் போகும், மரத்தில் பட்டால் கோடும் விழும். நைலான், டெல்ரின், செல்லுலாய்டு போன்ற பிளாஸ்டிக் பிக்குகளில் அந்தப் பயமே தேவையில்லை, அங்கே தேய்வது பிக்தான். ஒரு மாதம் வாசித்த பிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முனை ஒரு பக்கமாகச் சரிந்து, ஓரத்தில் ரம்பம் மாதிரி சின்னச் சின்னப் பல் விழுந்திருக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் தூக்கிப்போட்டு விடுங்கள், அதில் வருகிற உரசலை வைத்து ஸ்ட்ரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். உண்மையில் ஸ்ட்ரிங்கின் ஒலியை மந்தமாக்குவது கை வியர்வையும் அழுக்கும்தான். வாசித்து முடித்ததும் ஒரு துணியால் துடைத்து வைத்தால் சர்ச் சொத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்டீர்கள்.

ஆமை ஓடு விஷயத்தில் மட்டும் ஒரு சட்ட எச்சரிக்கை. சித்தப்பா சொன்னது பொய்யில்லை, ஒரு காலத்தில் அழுங்காமையின் ஓட்டில்தான் உயர்ந்த பிக்குகளைச் செய்தார்கள். இன்று அந்த ஆமை அழிவின் விளிம்பில் இருக்கிறது. சர்வதேச வணிகத்துக்குத் தடை இருக்கிறது, இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற யாரிடமாவது ஒன்று வாங்கி வரச் சொல்லும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், ஒரு பிக்குக்காகக் கஸ்டம்ஸில் நிற்க வேண்டாம். கடையில் தொங்கும் பழுப்பும் மஞ்சளும் கலந்த 'டார்டாய்ஸ்' பிக்குகள் வெறும் நிறம்தான், செல்லுலாய்டு, அதைத் தாராளமாக வாங்கலாம். முன்னால் சொன்ன டார்டெக்ஸே ஆமை ஓட்டுக்கு மாற்றாக உருவானதுதான், பெயரிலேயே தெரியும்.

கட்டைவிரல் வலி

நான் மருத்துவர் இல்லை, பிடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பேஸில் ஸ்ட்ரிங்குக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடையே பிரிட்ஜ் பக்கத்தில் சுமார் 19 மி.மீ. இருக்கும், கிடாரில் பத்து பத்தரைதான். கிடாரில் விரலைக் கொஞ்சம் அசைத்து ஸ்ட்ரிங் தாண்டியவர்கள் பேஸிலும் அதையே செய்யப் பார்க்கும்போது முழுச் சுமையும் கட்டைவிரலுக்குப் போகிறது. அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தூரமாகத் தாண்டும்போது முன்கையும் சேர்ந்து நகர வேண்டும். பிக்கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே கட்டைவிரலின் சதையை வையுங்கள். முனை மூன்று நாலு மி.மீ. வெளியே தெரிந்தால் போதும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் பிக் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவு நீட்டினால் ஸ்ட்ரிங் தடுக்கத்தான் செய்யும், சுழலத்தான் செய்யும். யாராவது பிடுங்கினால் கையோடு வந்துவிடுகிற அளவுக்குத் தளர்வாகப் பிடித்து மெதுவாக ஒரு பாட்டு வாசியுங்கள். நழுவும், நழுவட்டும், எவ்வளவு பிடி போதும் என்பதைக் கை அப்படித்தான் கற்கும். மெதுவான பாட்டுகளில் எல்லாவற்றையும் டவுன்ஸ்ட்ரோக்கிலேயே (மேலிருந்து கீழே அடிப்பது) வாசித்தால் நோட்டுகள் ஒரே அளவில் விழும், கீழிருந்து மேலே அடிக்கும் அப்ஸ்ட்ரோக்கை வேகம் கேட்கும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிடியை மாற்றி, சில நாள் ஓய்வும் கொடுத்த பிறகும் வலி இருந்தாலோ, மரத்துப்போனாலோ, விரல் மடங்கி மாட்டிக்கொண்டாலோ ஒரு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். ஸ்ப்ரே அடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறும் மேடையேறுவது மட்டும் கூடாது.

கீபோர்டு அண்ணனுக்கு

பிக்கில் வாசிப்பவர் பேஸ் பிளேயர் இல்லையென்றால் கேரல் கேயை என்ன சொல்வது? லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டுடியோ கிடாரிஸ்டாக இருந்தவர், 1963-இல் ஒரு ரெக்கார்டிங்குக்குப் பேஸ் வாசிப்பவர் வராமல் போக, பேஸை எடுத்தார். உங்கள் கதைதான், வளைகுடா மட்டும் இல்லை. அப்புறம் பல ஆண்டுகளுக்கு அந்த ஊர் ஸ்டுடியோக்களில் அதிகம் கூப்பிடப்பட்ட பேஸ் பிளேயர்களில் ஒருவர் அவர், வாசித்தது பிக்கில். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி பிக், யெஸ் ராக் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் பிக். எதிர்ப்பக்கத்தில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையின் ஒற்றை விரலிலேயே வாசித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். இரண்டு பக்கமும் மேதைகள் இருக்கும்போது இதில் சாதி பிரிப்பது வீண்வேலை.

ஆனால் அண்ணன் சொன்னதற்குப் பின்னால் ஒரு உண்மையான குறை இருக்கலாம், அதை ஒதுக்கிவிடாதீர்கள். கிடாரிலிருந்து வந்தவர்கள் பேஸிலும் எல்லா நோட்டையும் ஒலிக்க விட்டுவிடுவார்கள், ஒன்று முடியாமலே அடுத்தது தொடங்கும், கீழ்ஸ்தாயி முழுக்கச் சகதியாகிவிடும். கீபோர்டின் இடது கையும் அங்கேதான் வாசித்துக்கொண்டிருக்கிறது, அவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் மேல் லேசாக வைத்து அடியுங்கள், நோட்டு சுருக்கமாக, குண்டாக நிற்கும். கேரல் கேயும் பிரிட்ஜ் பக்கத்தில் ஃபெல்ட் துண்டு வைத்து ஒலியை அடக்கித்தான் வாசித்தார், அந்தக் கால ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்கு அடியிலேயே ஸ்பாஞ்சு ஒட்டி வந்தது. நீங்கள் ஒரு காய்ந்த ஸ்பாஞ்சுத் துண்டை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில் செருகிப் பாருங்கள். அந்த ஞாயிறு அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

விரலில் வாசிப்பதையும் கைவிட்டுவிடாதீர்கள், மெதுவான பாட்டுகளுக்கு அந்த உருண்டையான ஒலி பிக்கில் அப்படியே வராது. கொப்புளம் வந்தது ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசித்ததால். ஆறிய பிறகு தினம் பத்து நிமிடம், மெட்ரோனோம் போட்டு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, அவ்வளவு போதும். சர்ச்சில் பிக்கிலேயே வாசித்துக்கொண்டு வாருங்கள். பதிவு செய்ததும் எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள், எந்தப் பாட்டுக்கு எந்த பிக் என்று மட்டும் எழுதாமல் அனுப்புங்கள், நான் கண்டுபிடிக்கிறேனா பார்ப்போம்.